ஒன்றே கால் கிலோ

டேஷ்போர்டில் மூக்கு நீண்ட கிண்டி ஒன்று,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
சாவி திருப்பினால் சிவப்பாய் எரியும்,
வண்டி கிளம்பினால் அணையும்.
அணைந்தால் நலம்.
பதினோரு வருடமாய் அவ்வளவுதான்
எனக்குத் தெரிந்த வைத்தியம்.

சேலத்தில் சரக்கு இறக்கித் திரும்புகையில்
தொப்பூர் ஏற்றத்தில்
காலி கிரேட்டுகள் குலுங்கிக்கொண்டிருக்க
இன்ஜின் இருமி, இறுகி, நின்றது.
அப்போதும் கிண்டி எரியவில்லை.
பல்பு செத்து எத்தனை மாதமோ.
எரியாததையெல்லாம் நலமென்று
எழுதிவைத்திருந்தேன்.

கிராங்க் சாணை பிடிக்க, பேரிங் மாற்ற,
கெம்பம்மாவின் வளையல் இரண்டு போனது.
போகட்டும் என்றாள்.
சோறு போட்டுவிட்டு மறுபடி வந்து சொன்னாள்:
"இனிமே சாகறதுக்கு முன்னாடியே
சொல்லச் சொல்லு உன் வண்டிய."

கிருஷ்ணகிரியில் ஜபருல்லா கடை.
"லைட்டுதான் இருக்கே, மீட்டர் எதுக்கு?"
லைட்டுக்கு உண்டு, இல்லை, ரெண்டே வார்த்தை பாய்.
எனக்கு எவ்வளவுன்னு தெரியணும்.
கண்ணாடி வட்டம் ஒன்றை எடுத்து ஊதி வைத்தார்.
பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை கோடு,
அடியில் பொடி எழுத்தில்: கிலோ.
சிரித்துவிட்டேன்.
அன்று காலை ராயக்கோட்டை மண்டியில்
தக்காளி கிலோ மூன்று ரூபாய்.
இந்தக் கிலோ வேறு.
இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளாமல்
நடுவில் நின்று விலக்கிவைக்கும்
எண்ணெயின் பலம்.

ஞாயிற்றுக்கிழமை. பேட்டரி முனையைக் கழற்றினேன்.
ஃபில்டர் பக்கத்தில் பழைய சுவிட்ச் இருந்த துளையில்
பித்தளை டீ. ஒரு கை கிண்டிக்கு,
ஒரு கை புது சென்சாருக்கு.
கிளட்ச் கேபிள் நுழையும் ரப்பர் ஓட்டையில்
குடைக்கம்பி விட்டு ஒயரை இழுத்தேன்.
சிவப்பு சாவிக்கு, கறுப்பு பாடிக்கு, பச்சை சென்சாருக்கு,
இரவில் முகம் தெரிய
பார்க்கிங் விளக்கிலிருந்து இன்னொன்று.
மச்சான் மாதேஷ் போர்வெல் பைப் மாட்டுகிறவன்.
சொட்டு ஒழுகாது மாமா என்று
சென்சார் மரைக்கு வெள்ளை டேப்பை
ஏழு சுற்று சுற்றி முறுக்கினான்.

ஸ்டார்ட் செய்தேன்.
இன்ஜின் ஓடுகிறது. முள் எழவில்லை.
பூஜ்யம்.
மூன்று எண்ணுவதற்குள் அணைத்தேன்.
கை நடுங்கியது.
இரண்டு வளையல் ஓடிக்கொண்டிருந்ததே
எண்ணெய் இல்லாமலா?

வெகுநேரம் பானெட்டுக்கு அடியில் நின்றோம்.
மாதேஷ் டிப்ஸ்டிக்கை நாலு தடவை துடைத்துப் பார்த்தான்.
எண்ணெய் இருந்தது, ஒழுகல் இல்லை.
அப்புறம்தான் உறைத்தது:
சென்சாருக்கு வருகிற ஒயர் ஒன்றுதான்,
திரும்பிப் போகிற வழி அதன் மரைதான்.
தண்ணீரைத் தடுக்கிற டேப்
கரண்டையும் தடுத்துவிட்டது.
இன்ஜினைத் தொடாத ஒன்றிடம்
இன்ஜினின் சேதி கேட்டிருக்கிறேன்.

டேப்பை உரித்து வெறும் பித்தளையை முறுக்கினோம்.
சாவி.
முள் துள்ளி நாலில் நின்றது.
மாதேஷ் விசிலடித்தான், தெருநாய் எழுந்து போனது.

கெம்பம்மா வந்து கண்ணாடியில்
குங்குமம் வைத்தாள்.
சரியாக பூஜ்யத்தின் மேல்.
கொஞ்சம் தள்ளி வை என்றேன்.
"ஏன், அது அபசகுனம்தானே, மறையட்டும்."
மறைந்துதான் வளையல் போச்சு.
ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் துடைத்து
ஐந்துக்கு அப்பால் வைத்தாள்.

அன்றிரவு நூற்றிருபது கிரேட் ஏற்றி இறங்கினேன்.
பாட்டு போடவில்லை.
குளிர்ந்தபோது நாலு, ஓட்டத்தில் மூன்று,
டோல்கேட் வரிசையில் சூடாகி நிற்கையில்
மெல்ல, மெல்ல, ஒன்றே கால்.
போதும் என்றார் ஜபருல்லா போனில்,
ஐடிலில் ஒன்று இருந்தால் தூங்கு.
முன்பும் ஒன்றே காலாய்த்தான் இருந்திருக்கும்,
எத்தனையோ ராத்திரி, இதே வரிசையில்,
நான் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது.

பின்னால் லாரி ஹாரன்.
முன்னால் வண்டி போய்விட்டிருந்தது.
ஆக்சிலேட்டரை மிதித்தேன்.
முள் எழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான்
சாலையைப் பார்த்தேன்.